செய்தித் திரையில் சீக்கியர்: பாராட்டும் சந்தேகமும்

சீக்கியர்களைத் தொலைக்காட்சி பெரும்பாலும் நல்லவர்களாகத்தானே காட்டுகிறது, எல்லையில் நிற்கும் வீரர், பசித்தவருக்குச் சோறு போடும் குருத்வாரா எனும் சீக்கியக் கோவில், எதற்கும் கலங்காத கலகலப்பான சர்தார்ஜி என்றெல்லாம் காட்டப்படும் ஒரு சமூகம் ஊடகங்களைப் பற்றி ஏன் இத்தனை கசப்போடு பேசுகிறது என்று கேட்டிருந்தீர்கள். கேள்வி நியாயமானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சீக்கியர்கள் ஏறத்தாழ 2.08 கோடிப் பேர். மொத்த மக்கள்தொகையில் 1.7 விழுக்காடு. அவர்களில் மிகப் பெரும்பாலோர் பஞ்சாபிலும் அதையொட்டிய பகுதிகளிலும் வாழ்வதால், நாட்டின் பிற பகுதிகளில் இருப்பவர்களுக்குச் சீக்கியர் என்றால் திரையில் பார்த்த சீக்கியர்தான். அந்தத் திரையோ அவர்களுக்கென்று சில ஆயத்த வேடங்களை மட்டுமே வைத்திருக்கிறது. அவற்றில் சில பெருமைக்குரியவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் புகழும் வேடத்தையும் பழிக்கும் வேடத்தையும் ஒரே தலைப்பாகைக்குப் பொருத்தி, அரசியல் சூழலுக்கேற்ப ஒன்றைக் கழற்றி மற்றொன்றை மாட்டிவிட முடிகிறது என்பதுதான் அவர்களுடைய மனக்குறை. 2020 நவம்பர் இறுதி முதல் 2021 ஏப்ரல் வரையிலான ஐந்து மாதங்களை மட்டும் எடுத்துக்கொண்டாலே இது விளங்கும்.

மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்து விவசாயிகள் 2020 நவம்பர் இறுதியில் டெல்லியின் எல்லைகளான சிங்குவிலும் திக்ரியிலும், பின்னர் காஸிப்பூரிலும் முகாமிட்டார்கள். பஞ்சாபிலிருந்து வந்தவர்கள் முன்னணியில் இருந்தபோதும் ஹரியாணாவின் ஜாட் சாதி விவசாயிகளும் மேற்கு உத்தரப் பிரதேச விவசாயிகளும் பெருந்திரளாக உடனிருந்தார்கள். மண்டிகளின் எதிர்காலம் என்ன, குறைந்தபட்ச ஆதரவு விலைக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டா, ஒப்பந்தச் சாகுபடியில் தகராறு வந்தால் விவசாயி எங்கே முறையிடுவது என்பவை அவர்கள் எழுப்பிய கேள்விகள். இரவு விவாதங்களை நடத்திய இந்தி செய்தி அலைவரிசைகள் பலவற்றுக்கு இவை அலுப்பூட்டின போலும். போராட்டத்துக்குப் பின்னால் இருப்பவர்கள் விவசாயிகளா, காலிஸ்தான் என்ற தனி நாடு கேட்கும் சீக்கியப் பிரிவினைவாதிகளா என்பதே அவர்களுடைய கேள்வியாக இருந்தது. விவாதத்தின் தலைப்பு, திரையின் அடியில் ஓடும் எழுத்து, பின்னணியில் ஓடும் பழைய ஆவணக் காட்சி ஆகிய அனைத்தும் அந்தக் கேள்விக்கே எடுபிடி வேலை செய்தன. முகாம்களில் இருந்தவர்கள் அந்த அலைவரிசைகளை 'கோடி மீடியா', அதாவது ஆட்சியாளரின் மடியில் அமர்ந்த ஊடகம், என்று அழைத்து அவற்றின் செய்தியாளர்களோடு பேச மறுத்ததும், 2020 டிசம்பரில் பஞ்சாபியிலும் இந்தியிலும் 'டிராலி டைம்ஸ்' என்ற தங்களுக்கான செய்தித்தாளைத் தொடங்கியதும் இதன் விளைவுகள்.

பிறகு ஜனவரி 26 வந்தது. டிராக்டர் பேரணியில் ஒரு பிரிவினர் செங்கோட்டைக்குள் நுழைந்து, வெறுமையாக இருந்த ஒரு கொடிக்கம்பத்தில் நிஷான் சாஹிபை ஏற்றினார்கள். சீக்கியரின் சமயச் சின்னமான கண்டா பொறித்த அந்த முக்கோணக் கொடி உலகெங்கும் குருத்வாராக்களின் வாசலில் பறப்பது. அங்கே மாலையில் வழிபடச் செல்லும் எவரும் அண்ணாந்து பார்த்திருக்கக்கூடியது. அது காலிஸ்தான் கொடி என்று அன்று பல திரைகளில் சொல்லப்பட்டது. தேசியக் கொடியை இறக்கிவிட்டார்கள் என்றும் சொல்லப்பட்டது. உண்மையில் தேசியக் கொடி அதன் இடத்திலேயே பறந்துகொண்டிருந்தது. செய்தி ஒளிபரப்பாளர்கள் தங்களுக்காகத் தாங்களே அமைத்துக்கொண்ட தர ஆணையம் 2021 நவம்பரில் ஜீ நியூஸின் நிகழ்ச்சிகள் மீதான புகாரை விசாரித்து, தேசியக் கொடி அகற்றப்பட்டதாகச் சொன்னது தவறு என்று கண்டித்து, அந்தக் காணொளிகளை நீக்கச் சொன்னது. பத்து மாதம் கழித்து வந்த அந்தத் திருத்தம் எத்தனை பேரைச் சென்றடைந்திருக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

சந்தேகம் முற்றிலும் காற்றிலிருந்து பிறந்தது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவிலிருந்து இயங்குவதும் இந்தியாவில் தடைசெய்யப்பட்டதுமான 'சீக்ஸ் ஃபார் ஜஸ்டிஸ்' என்ற அமைப்பு, அந்தக் குடியரசு நாளில் டெல்லியில் காலிஸ்தான் கொடியேற்றுவோருக்குப் பணம் தருவதாக அறிவித்திருந்தது. செங்கோட்டையில் வன்முறை நடந்ததும், காவலர்கள் பலர் காயமடைந்ததும், விவசாயச் சங்கத் தலைவர்களே அதைக் கண்டித்ததும் உண்மை. வெளிநாட்டில் இருந்துகொண்டு விலை பேசும் ஒரு சிறு கும்பலையும், கடுங்குளிரில் சாலையோரம் படுத்திருக்கும் லட்சக்கணக்கான குடியானவர்களையும் வேறுபடுத்திக் காட்டுவதே அப்போது செய்தியாளருக்கு இருந்த வேலை. அந்த வேலைதான் நடக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் கடைசியில், கொரோனாவின் இரண்டாம் அலையில் டெல்லி மூச்சுத் திணறியபோது, அதன் அண்டை நகரான காஸியாபாதின் இந்திராபுரத்தில் உள்ள குருத்வாரா சாலையோரத்திலேயே நோயாளிகளுக்கு ஆக்சிஜன் கொடுத்தது. காரின் பின்னிருக்கையில் படுத்திருக்கும் நோயாளி, பக்கத்தில் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தலைப்பாகை இளைஞர் என்ற காட்சி உலகம் முழுவதும் சென்றது. குருத்வாராவில் எல்லாருக்கும் இலவசமாக உணவளிக்கும் லங்கரின் பெயரால், 'ஆக்சிஜன் லங்கர்' என்று மனம் நெகிழ்ந்து செய்தி வாசிக்கப்பட்டது. சிங்குவில் வழிப்போக்கர்களுக்கும் காவலர்களுக்கும்கூட உணவு பரிமாறியபோது "இவ்வளவு பணம் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்கப்பட்ட அதே சேவை, இந்திராபுரத்தில் மனிதநேயத்தின் இலக்கணமாயிற்று. இரண்டு தடவையும் சீக்கியர்கள் செய்தது ஒன்றேதான். அரசின் கொள்கையை எதிர்த்து நின்றபோது ஒரு வேடமும், அரசு கைவிட்ட இடத்தில் உதவியபோது மற்றொரு வேடமும் கிடைத்தன. பாராட்டைக் கேட்கும்போதும் அவர்கள் ஏன் முழுதாக மகிழ்வதில்லை என்பதற்கான விடை இதில் இருக்கிறது: பாராட்டு நிபந்தனைக்கு உட்பட்டது என்பது அவர்களுக்குத் தெரியும்.

இந்தப் பழக்கம் திடீரென்று முளைத்ததல்ல. 1980களில் பஞ்சாபின் செய்தித்தாள் உலகமே மத அடிப்படையில் பிளவுபட்டிருந்தது. ஜலந்தரிலிருந்து வந்த இந்தி, உருது நாளிதழ்கள் பெரும்பாலும் இந்து வாசகர்களின் அச்சத்தையும், பஞ்சாபி நாளிதழ்கள் பெரும்பாலும் சீக்கிய வாசகர்களின் கோபத்தையும் எதிரொலித்தன. ஒரே ஊரில் நடந்த ஒரே சம்பவத்தை இரண்டு மொழிகளில் படித்தால் இரண்டு ஊர்களில் நடந்ததுபோல இருக்கும். அங்கிருந்து வந்த ஹிந்த் சமாச்சார் நாளிதழ்க் குழுமத்தின் நிறுவனர் லாலா ஜகத் நாராயண் 1981 செப்டம்பரிலும், அவருடைய மகன் ரமேஷ் சந்தர் 1984 மே மாதத்திலும் சீக்கியத் தீவிரவாதிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்நிறுவனத்தின் ஊழியர்களும் நாளிதழ் போடுபவர்களும்கூடத் தப்பவில்லை. தீவிரவாதிகள் பத்திரிகைகளுக்குக் கட்டளை பிறப்பித்த காலம் அது என்பதை மறந்துவிட்டு, அன்றைய ஊடகத்தின் மீது பழியை மட்டும் சுமத்துவது நேர்மையாகாது.

ஆனால் அரசின் கையில் இருந்த ஊடகத்துக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. 1984 ஜூனில், உள்ளே இருந்த தீவிரவாதிகளை வெளியேற்ற அம்ரித்சர் பொற்கோவிலுக்குள் ராணுவம் நுழைந்தபோது வெளிநாட்டுச் செய்தியாளர்கள் பஞ்சாபிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். உள்நாட்டுச் செய்திகள் தணிக்கைக்கு உட்பட்டன. அம்ரித்சரிலேயே தங்கிவிட்ட, அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் பிரம்ம செல்லானி அரசு சொன்னதைவிட அதிகமான சாவு எண்ணிக்கையையும், கைகள் கட்டப்பட்ட நிலையில் சிலர் சுடப்பட்டதாகக் கிடைத்த தகவலையும் வெளியிட்டதற்காக வழக்கைச் சந்தித்தார். அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி தம்முடைய சீக்கியக் காவலர்களால் கொல்லப்பட்டபின், தீன் மூர்த்தி பவனில் வைக்கப்பட்டிருந்த உடலையும் அஞ்சலி செலுத்த வந்த கூட்டத்தையும் தூர்தர்ஷன் நேரலையாகக் காட்டிக்கொண்டே இருந்தது; "ரத்தத்துக்கு ரத்தம்" என்ற பொருள்பட எழுந்த முழக்கம் வீட்டு வரவேற்பறைகளில் ஒலித்தது. நாட்டில் அப்போது இருந்தது அந்த ஒரு தொலைக்காட்சிதான். வெளியே, டெல்லியின் குடிநீரில் சீக்கியர்கள் விஷம் கலந்துவிட்டார்கள், பஞ்சாபிலிருந்து பிணங்களோடு ரயில்கள் வருகின்றன என்ற வதந்திகள் ஓடின. அடுத்த மூன்று நாட்களில் அரசின் கணக்கிலேயே தலைநகரில் மட்டும் 2,733 சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள். யமுனைக்கு அக்கரையில் உள்ள திரிலோக்புரியில் ஒரே குடியிருப்புத் தொகுதியில் நடந்த படுகொலையை உலகறியச் செய்தவர்கள், நவம்பர் 2 அன்று நேரில் சென்று பார்த்த இந்தியன் எக்ஸ்பிரஸ் செய்தியாளர்கள் ராகுல் பேடியும் ஜோசப் மாலியக்கானும். இழவு வீட்டை மணிக்கணக்காகக் காட்டிய கேமரா, சில கிலோமீட்டர் தள்ளி எரிந்துகொண்டிருந்த தெருக்களுக்குப் போகவே இல்லை.

அதற்கடுத்த பத்தாண்டுகளில் பஞ்சாபைப் பற்றிய செய்தி என்பது நடைமுறையில் காவல் துறையின் செய்திக்குறிப்பு என்றாகிவிட்டது. 'மோதலில் தீவிரவாதிகள் சாவு' என்ற ஒற்றை வரி, பெயர்கூட இல்லாமல், நாள்தோறும் அச்சாகியது. ஜஸ்வந்த் சிங் கால்ரா என்ற மனித உரிமைச் செயல்பாட்டாளர் அம்ரித்சர் மாவட்டத்துச் சுடுகாடுகளின் பதிவேடுகளையும் விறகு வாங்கிய கணக்குகளையும் எடுத்துப் பார்த்து, உரிமை கோரப்படாத உடல்கள் என்ற பெயரில் காவல் துறை ரகசியமாக எரித்த உடல்களை எண்ணத் தொடங்கியபோதுதான் அந்த ஒற்றை வரிகளுக்குள் இருந்தது என்ன என்று தெரிந்தது. அவர் 1995 செப்டம்பரில் கடத்திக் கொல்லப்பட்டார். உச்ச நீதிமன்றம் பணித்தபடி விசாரித்த சிபிஐ, மூன்று சுடுகாடுகளில் மட்டும் 2,097 உடல்கள் எரிக்கப்பட்டதை உறுதிப்படுத்தியது. கால்ராவைக் கொன்ற வழக்கில் 2005இல் காவல் துறையினர் தண்டிக்கப்பட்டார்கள். அந்தப் பதிவேடுகள் எங்கோ ரகசிய அறையில் இருக்கவில்லை. நகராட்சி ஊழியரிடம் கேட்டிருந்தால் எந்தச் செய்தியாளரும் பார்த்திருக்கலாம். காவல் துறை சொன்னதையே செய்தியாக எடுத்துக்கொள்ளும் அந்தப் பழக்கம்தான் பின்னாளில் இருபத்து நான்கு மணி நேர அலைவரிசைகளுக்குச் சொத்தாக வந்துசேர்ந்தது.

இந்தச் சோகத்துக்கு இணையாகவே ஓடிய மற்றொரு வேடம் கோமாளி வேடம். சர்தார்ஜி நகைச்சுவைத் துணுக்குகள் தமிழ் வாசகர்களுக்கும் புதியவை அல்ல. பார்த்தே இராத ஒரு சமூகத்தைப் பற்றி நாமும் சிரித்துப் பழகியிருக்கிறோம். இவற்றைத் தடைசெய்யக் கோரிய வழக்கில், மக்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நீதிமன்றம் நெறிமுறை வகுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொல்லிவிட்டது; அது சரியான முடிவு என்றே கருதுகிறேன். 2008 முதல் ஓடிக்கொண்டிருக்கும் 'தாரக் மேத்தா கா உல்டா சஷ்மா' தொடரின் ரோஷன் சிங் சோடி, கார் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருப்பவர், பலசாலி, முன்கோபி, விருந்துக்கு அலைபவர், நட்புக்கு உயிரைக் கொடுப்பவர். வெறுக்கத்தக்க பாத்திரம் அல்ல. ஆனால் சீக்கியர் என்றால் என்னவெல்லாம் எதிர்பார்ப்போமோ அதற்கு மேல் ஓர் அங்குலமும் அவரிடம் இல்லை. இதற்கு மாற்று எப்படி இருக்கும் என்பதைத் தூர்தர்ஷனே ஒருமுறை காட்டியிருக்கிறது. சீக்கிய நகைச்சுவைக் கலைஞர் ஜஸ்பால் பட்டி 1989இல் எழுதி நடித்த 'ஃப்ளாப் ஷோ', லஞ்சம் வாங்கும் பொறியாளரையும் போலி மருத்துவச் செலவுச் சீட்டையும் ஆராய்ச்சி மாணவனை வீட்டு வேலைக்காரனாக்கும் பேராசிரியரையும் கிண்டலடித்தது. நடுவில் தலைப்பாகையோடு நின்றவர் நகைக்கப்பட்டவர் அல்ல, நகைத்தவர். பஞ்சாப் ரத்தக்களரியாக இருந்த ஆண்டுகளில் அந்த மனிதர் மாதச் சம்பளக்காரனின் எரிச்சலை நாடு முழுவதற்குமாகப் பேசினார் என்பது சாதாரணச் செய்தி அல்ல. அப்படி ஒரு பாத்திரம் அதன்பின் இந்தித் தொலைக்காட்சியில் அரிது.

மேற்கு நாடுகளில் சிக்கல் வேறு விதமானது. அங்கே தலைப்பாகை என்றாலே ஒசாமா பின் லேடனின் படம் நினைவுக்கு வரும்படி 2001 செப்டம்பரில் தொலைக்காட்சி செய்துவிட்டது. இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்கு மறுநாள் ரயிலில் பயணம் செய்த ஒரு சீக்கியர் பிடித்துச் செல்லப்படும் காட்சி திரும்பத் திரும்ப ஒளிபரப்பானது. அவருக்கும் தாக்குதலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. செப்டம்பர் 15 அன்று அரிசோனாவின் மேசா நகரில் தம்முடைய பெட்ரோல் நிலையத்தின் வாசலில் நின்றிருந்த பல்பீர் சிங் சோடி சுட்டுக் கொல்லப்பட்டார். 2012 ஆகஸ்ட் 5 அன்று விஸ்கான்சின் மாநிலத்தின் ஓக் கிரீக் குருத்வாராவில் வெள்ளை இனவெறியன் ஒருவன் ஆறு பேரைச் சுட்டுக் கொன்றபோது, அமெரிக்கச் செய்தி அலைவரிசைகள் சீக்கியர் முஸ்லிம்கள் அல்லர் என்று விளக்குவதில் நீண்ட நேரத்தைச் செலவிட்டன. 'ஆள் மாறாட்டத்தால் நேர்ந்த கொலை' என்ற இந்த விவரணை பரிவுடன் சொல்லப்படுவதுதான். ஆனால் சரியான ஆளைச் சுட்டிருந்தால் புரிந்துகொள்ளக்கூடியது என்ற தொனி அதற்குள் ஒளிந்திருக்கிறது. சீக்கிய அமைப்புகள் பல இதை உணர்ந்து, "நாங்கள் முஸ்லிம்கள் அல்ல" என்று சொல்லித் தப்பிக்க மறுத்தது அவர்களுடைய பெருந்தன்மை. தவிரவும், அந்த விவரணை சீக்கியர்கள் சீக்கியர்களாகவே வெறுக்கப்படக்கூடும் என்பதை மறைத்துவிடுகிறது. சீக்கியருக்கு எதிரான வெறுப்புக் குற்றங்களை அமெரிக்காவின் எஃப்பிஐ தனியாகக் கணக்கெடுக்கத் தொடங்கியதே 2015இல்தான். அதே 2015 நவம்பரில் பாரிஸ் தாக்குதலுக்குப் பின், கனடாவைச் சேர்ந்த ஒரு சீக்கிய இளைஞர் கண்ணாடி முன் எடுத்துக்கொண்ட படத்தை யாரோ கணினியில் மாற்றி, வெடிகுண்டு அங்கியும் கையில் குர்ஆனுமாக உலவவிட, ஸ்பெயினின் லா ராஸோன் நாளிதழ் அதை முதல் பக்கத்திலேயே வெளியிட்டது. பாரிஸை மிதித்தே இராதவர் அவர்.

கனடாவுக்கு வந்தால் இரண்டு நாடுகளின் ஊடகக் குறைகளும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்வதைக் காணலாம். 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியா 182 விமானத்தில் காலிஸ்தான் தீவிரவாதிகள் வைத்த குண்டு வெடித்து 329 பேரைக் கொன்றது. அவர்களில் பெரும்பாலோர் கனடாக் குடிமக்கள். ஆனாலும் அது ஏதோ இந்தியாவின் துயரம் என்பதுபோலவே கனடா அரசும் ஊடகங்களும் நெடுங்காலம் நடந்துகொண்டன. தீவிரவாதிகளைத் துணிந்து அம்பலப்படுத்தியவர் சர்ரே நகரிலிருந்து பஞ்சாபி வார இதழ் நடத்திய தாரா சிங் ஹேயர். 1988இல் சுடப்பட்டு சக்கர நாற்காலியில் முடங்கிய பிறகும் எழுதினார், 1998 நவம்பரில் அவரைக் கொன்றேவிட்டார்கள். 2023 ஜூனில் அதே சர்ரேயில் காலிஸ்தான் ஆதரவாளர் ஹர்தீப் சிங் நிஜ்ஜார் கொல்லப்பட்டு, செப்டம்பரில் பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ இந்தியாவின் மீது குற்றம்சாட்டியபோது, இந்திய அலைவரிசைகள் பலவற்றில் கனடாவின் சீக்கியர் அனைவரும் ஒரே அச்சில் வார்த்த பிரிவினைவாதிகள் ஆனார்கள். அந்நாட்டின் 2021 கணக்கெடுப்பில் அவர்கள் 7.7 லட்சம் பேர். லாரி ஓட்டுபவர், மருத்துவர், பழத்தோட்டக்காரர், நாடாளுமன்ற உறுப்பினர் எல்லாரும் அதில் உண்டு. ஹேயரும் அவர்களில் ஒருவர் என்பதை நினைவூட்டிய விவாதம் எதுவும் என் கண்ணில் படவில்லை.

வேடங்களுக்குள் அடங்காதவர்கள் காட்டப்படுவதே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பஞ்சாபின் மக்கள்தொகையில் ஏறத்தாழ 32 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். இந்திய மாநிலங்களில் இதுவே மிக உயர்ந்த விகிதம். ஆனால் நிலமற்ற மஸபி எனும் தலித் சீக்கியத் தொழிலாளியைத் தேசியத் திரையில் பார்ப்பது அபூர்வம். திரையின் சீக்கியர் எப்போதும் நிலமும் டிராக்டரும் உள்ள ஜாட் சீக்கியர்தான். பெண்கள், முடி வெட்டிக்கொண்ட சீக்கியர்கள் ஆகியோரின் நிலையும் இதுவே. சீக்கியர்களே நடத்தும் ஊடகங்கள் வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நம்பவும் வழியில்லை. பொற்கோவிலின் குர்பாணி கீர்த்தனை எனும் மறைப் பாடலை ஒளிபரப்பும் உரிமை பல ஆண்டுகள் அகாலி தளக் கட்சித் தலைமையில் இருந்த பாதல் குடும்பத்துடன் தொடர்புடைய பிடிசி அலைவரிசையிடம் மட்டுமே இருந்ததும், 2023இல் அது பெரும் அரசியல் தகராறாகி, குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி சொந்த யூடியூப் அலைவரிசை தொடங்க நேர்ந்ததும் வீட்டுக்குள்ளேயும் அதிகாரப் போட்டி உண்டு என்பதைக் காட்டுகின்றன.

காலிஸ்தான் ஆதரவு மதப் பிரசாரகர் அம்ரித்பால் சிங்கின் விவகாரம் பழைய பழக்கங்கள் அனைத்தும் ஒன்றுசேர்ந்த தருணம். 2023 மார்ச் 18 அன்று பஞ்சாப் காவல் துறை அவரைத் தேடத் தொடங்கியபோது மாநிலம் முழுவதும் கைபேசி இணையம் துண்டிக்கப்பட்டது. பஞ்சாபைச் சேர்ந்த சில செய்தியாளர்களின் ட்விட்டர் கணக்குகளும் பிபிசியின் பஞ்சாபிப் பிரிவின் கணக்கும் இந்தியாவில் முடக்கப்பட்டன. களத்தை அறிந்தவர்களின் வாய் அடைக்கப்பட்ட அந்த வாரங்களில், அவர் எந்தச் சட்டைக்கு மாறினார், எந்த வண்டியில் ஏறினார், குடையால் முகத்தை எப்படி மறைத்தார் என்று கண்காணிப்புக் கேமராக் காட்சிகளைத் தேசிய அலைவரிசைகள் துப்பறியும் தொடர்போல ஓட்டின. அவர் பேச்சை ஊர்ப்புற இளைஞர்கள் ஏன் கேட்டார்கள், போதைப்பொருளும் வேலையின்மையும் வெளிநாட்டு விசா ஏக்கமும் அங்கே என்ன செய்துவைத்திருக்கின்றன என்பதற்கு நேரம் ஒதுக்கியவர்கள் மிகச் சிலர். 2024 மக்களவைத் தேர்தலில் சிறையிலிருந்தபடியே அவர் கடூர் சாஹிப் தொகுதியில் 1.97 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஃபரித்கோட்டில் இந்திரா காந்தியைக் கொன்றவர்களில் ஒருவரின் மகன் வென்றார். காலிஸ்தான் திரும்பிவிட்டதா என்று உடனே விவாதம் தொடங்கிவிட்டது. அதே பஞ்சாபின் மற்ற பதினொரு தொகுதிகளில் காங்கிரஸ் ஏழையும், ஆம் ஆத்மி மூன்றையும், அகாலி தளம் ஒன்றையும் பெற்றிருந்தன.